தம் குரலைக் கண்டவர்

பாடுவோர்க்குக் குரலே கருவி என்று கூறுவது வழக்கம். ஆயினும் அக்கூற்றில் ஒரு குறை உண்டு. கருவியைத் தேர்ந்தெடுக்கலாம்; ஒன்று பொருந்தாவிடின் மற்றொன்றை வாங்கிக் கொள்ளலாம். குரலோ பிறப்போடு வருவது. ஒருவர் ஓர் இசையின்பால் உள்ளம் பறிகொடுத்து, அதனைக் கற்க நெடுந்தொலைவு சென்று, அங்குச் சென்றபின், 'இவ்விசைக்கு உரிய குரல் என்னிடம் இல்லை' என்று உணர்வாராயின், அவர் செய்யத்தக்கது யாது? ஊர் திரும்புவதா? தம் குரலை வருத்திப் பிறர் குரலைப் போல ஆக்கிக் கொள்வதா? 1995ஆம் ஆண்டில் பாரிசு நகருக்குச் சென்ற கொரியப் பெண்மணி ஒருவர் இவ்வினாவை எதிர்கொண்டார். இன்று ஐரோப்பிய இசையரங்குகளில் ஜாஸ் பாடகியாகப் பெரும்புகழ் பெற்று விளங்கும் நா யூன் சன் அவர்களே அவர்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். கொரியர் குடும்பப் பெயரை முன்னும் இட்ட பெயரைப் பின்னும் வைப்பர். நம் நாட்டுச் சீனர் வழக்கும் இதுவே. எனவே 'நா' என்பது குடும்பப் பெயர். ஐரோப்பிய இசைத்தட்டுகளில் இது தலைகீழாக அச்சிடப்படுகின்றது.

அவர் 1969ஆம் ஆண்டு சியோல் நகரில் பிறந்தார். தந்தையார் கொரிய நாட்டின் தேசியப் பாடகர் குழுவை வழிநடத்திய சேர்ந்திசை நடத்துநர். தாயார் இசைநாடக நடிகை. இத்தகைய இல்லத்தில் பிறந்த பிள்ளை இசைக் கல்லூரிக்குச் செல்வதே முறை என்று எவரும் எண்ணுவர். அவரோ கொன்குக் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் பயின்றார். இசையை முறையாகக் கற்கவில்லை. ஆயினும் வீட்டின் காற்றில் கலந்திருந்ததைக் காது கேளாமல் இருக்க இயலாதன்றோ! பல குரல்கள் ஒன்றாய் இழைந்து, எந்தக் குரலும் துருத்தி நில்லாமல், பளிங்கு போல் ஒலிப்பதே சேர்ந்திசையின் இலக்கு. அவர்தம் குரலின் தெளிவுக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

அவரை மேடைக்குக் கொணர்ந்தது ஒரு நாடகம். அந்நாடகத்தின் ஆசிரியரைப் பற்றிச் சிறிது கூறாமல் செல்வது அறமன்று. கிம் மின் கி என்பவர் கவிஞர், பாடலாசிரியர், பாடகர். 1971ஆம் ஆண்டில் அவர் ஆக்கி வெளியிட்ட 'காலைப் பனித்துளி' என்னும் பொருள்படும் பாடல், 1975ஆம் ஆண்டில் அரசினரால் தடை செய்யப்பட்டது. தடை செய்யப்பட்ட பாடலை மாணவர்கள் ஊர்வலங்களில் பாடினர். 1987ஆம் ஆண்டின் மக்கள் எழுச்சியின்போது அது தெருவெங்கும் ஒலித்தது. பாடியவர்களுக்கு அப்பாடல் போர்க்கொடியாயிற்று. ஆக்கியவரோ பின்னர் மேடையில் தாம் பாடுவதைத் தவிர்த்து, பிறர் பாடுவதற்கும் நடிப்பதற்கும் இடம் அமைக்கும் பணியில் தம்மை ஈடுபடுத்திக் கொண்டார். 1991இல் சியோலின் தேஹங்னோ பகுதியில் ஹக்சோன் என்னும் சிற்றரங்கைத் தோற்றுவித்தார். பெர்லின் நகரத்து கிரிப்சு நாடக அரங்கினர் 1986இல் மேடையேற்றிய 'முதலாம் எண் தடம்' என்னும் இசைநாடகத்தை எடுத்து, அதனைச் சியோலின் நிலத்தடித் தொடர்வண்டியில் நிகழும் கதையாக மாற்றி எழுதி, 1994இல் அரங்கேற்றினார். மூலத்தில் மேற்கு செருமனியின் ஒரு சிற்றூரிலிருந்து காதலனைத் தேடிப் பெர்லினுக்கு வரும் பெண், கொரிய நாடகத்தில் சீன நாட்டு யான்பியன் பகுதியிலிருந்து சியோலுக்கு வரும் கொரிய இனப் பெண்ணாகின்றாள். அயலாரின் படைப்பை அப்படியே பெயர்க்காமல், தம் மண்ணின் துயரத்தை அதனுள் ஊற்றிய திறம் போற்றத்தக்கது. இந்நாடகம் 2008ஆம் ஆண்டு முடிய 4,000 முறை மேடையேறியது. கொரியத் திரையுலகின் பெருநடிகர் பலர் இவ்வரங்கில் பயின்று வளர்ந்தவர்களே. கிம் மின் கி 2024ஆம் ஆண்டில் மறைந்தார்.

1994ஆம் ஆண்டின் முதல் அரங்கேற்றத்தில் நடித்துப் பாடியவர்களுள் நா யூன் சன் அம்மையாரும் ஒருவர். மேடை அவருக்கு இசையார்வத்தை ஊட்டியது. கூடவே, தாம் கற்காதவை எத்துணை என்பதையும் உணர்த்தியது. கற்க வேண்டும் என்று முடிவு செய்தார். பிரெஞ்சு மொழி அறிவார்; பிரெஞ்சுப் பாடல்களின்பால் விருப்பம் உடையவர். ஆகவே, பாரிசு நகரைத் தேர்ந்தார். எதனைக் கற்பது என்று நண்பரை வினவியபோது, இக்காலப் பாடல் வகைகளுக்கெல்லாம் வேர் ஜாஸ் என்று கூறப்பட்டது. ஜாஸ் என்றால் இன்னது என்று அப்போது தமக்குத் தெளிவாகத் தெரியாது என அவரே பின்னாளில் சொல்லியிருக்கின்றார். தம் இருபத்தாறாம் வயதில், ஐரோப்பாவின் பழைய ஜாஸ் பள்ளிகளுள் ஒன்றாகிய சி.ஐ.எம். என்னும் பள்ளியில் சேர்ந்தார். மாணவராவதற்கு இருபத்தாறு வயது காலங்கடந்த வயது என்பார் உளர். அறிந்தே கற்க வருவோர்க்கு அவ்வயது தடையன்று.

அங்கேதான் இடர் தொடங்கியது. ஜாஸ், வட அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பின மக்களிடையே, நியூ ஆர்லியன்சு நகரை நடுவிடமாகக் கொண்டு வளர்ந்த இசை. தேவாலயப் பாட்டு, வயலில் உழைப்போர் எழுப்பிய குரல், படையணி இசை ஆகியவை அதனுள் கலந்தன. அதன் பெரும் பாடகியர் எனப்படும் எல்லா பிட்செரால்டு, சாரா வாகன், பில்லி ஹாலிடே ஆகியோரின் இசைத்தட்டுகளை மாணவியாகிய நா யூன் சன் கேட்டார். சாரா வாகனின் குரல் அடிவயிற்றிலிருந்து எழுந்து ஆழ்ந்தும் அகன்றும் செல்வது. தம் குரலோ மெல்லியது. உயர்ந்த நிலைகளில் நீர்த்தாரை போல் தெளிந்து நிற்பது. இரண்டுக்கும் உள்ள தொலைவு அவரை மருட்டியது. 'இக்குரலைக் கொண்டு ஜாஸ் பாட இயலாது' என்று எண்ணி, முதலாண்டிலேயே படிப்பை விட்டுவிடக் கருதினார்.

இந்த ஐயம் அவர் ஒருவருக்கே உரியதன்று. கொரிய நாட்டில் மேலை இசை பாடியோர் அனைவரின் வரலாற்றிலும் அது மறைந்து கிடப்பது. 1950 முதல் 1953 வரை நிகழ்ந்த கொரியப் போருக்குப் பின், அமெரிக்கப் படையினர் தங்கிய முகாம்களில் மாலைதோறும் ஆடலும் பாடலும் நிகழ்ந்தன. வறுமையில் வாடிய கொரிய இசைவாணர்க்கு அம்முகாம்களே ஊதியம் தந்தன. ஆனால், அங்கே விலைபோனது எது? அமெரிக்கப் பாடலை அமெரிக்கர் பாடுவது போலவே பாடும் திறம். இவ்வழியில் வெளிவந்த கிம் சகோதரியர் மூவர், பொருள் அறியாமலே ஆங்கிலப் பாடல்களை ஒலியால் மட்டும் மனனம் செய்து பாடத் தொடங்கி, 1959ஆம் ஆண்டில் லாஸ் வேகாஸ் நகரின் மேடைகள் வரை சென்றனர். அவர்களைப் பயிற்றுவித்தவர் அவர்களுள் இருவரின் அன்னையும் புகழ்பெற்ற கொரியப் பாடகியுமாகிய லீ நன் யங். அவர்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் ஆகாது. பசியே பள்ளியாக இருந்த காலம் அது. எனினும், போலச் செய்தலே உயர்வு என்னும் எண்ணம் அன்று வேரூன்றியது.

அப்படைமுகாம் மேடைகளிலிருந்து வந்தவருள் பாக் சங் யன் என்னும் அம்மையார் வேறொரு வழியில் நடந்தார். ஜாஸ் பாடுவதற்கென்று ஓர் இடம் வேண்டும் என்னும் ஒரே நோக்கத்தோடு, 1978ஆம் ஆண்டில் சியோலின் சின்சோன் பகுதியில் ஜானஸ் என்னும் சிற்றரங்கைத் திறந்தார். ஜானஸ் என்பது முன்னும் பின்னும் முகமுடைய உரோமானியத் தெய்வத்தின் பெயர். அரங்கு வாடகை கட்ட இயலாமல் ஓரிடம் விட்டு ஓரிடமாக அலைந்தது. 2012ஆம் ஆண்டில் தாம் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த இசைத்தட்டுகளை விற்று அதனைக் காத்தார். 2020இல் அவர் மறையும் வரையில், கொரிய நாட்டு ஜாஸ் கலைஞர் அனைவர்க்கும் அவர் தாயாக மதிக்கப்பட்டார். நா யூன் சன் பாரிசுக்குச் சென்றபோது, தம் நாட்டில் அவருக்கு முன்னால் இருந்த வழிகாட்டிகள் இத்தகைய ஒரு சிலரே.

பாரிசுப் பள்ளியின் ஆசிரியர்கள் செய்தது குறிக்கத்தக்கது. 'உன் குரலை மாற்றிக் கொள்' என்று அவர்கள் கூறவில்லை. 'முயன்றால் முடியும்' என்னும் வெறும் ஊக்கச் சொல்லோடும் நின்றுவிடவில்லை. வேறு சில இசைத்தட்டுகளை அவர் கையில் கொடுத்தனர். நார்மா வின்ஸ்டன் முதலிய ஐரோப்பியப் பாடகியரின் தட்டுகள் அவை. 1941இல் இலண்டனில் பிறந்த நார்மா வின்ஸ்டன், பியானோ வாசிப்பவராகிய ஜான் டெய்லர், எக்காளம் ஊதும் கென்னி வீலர் ஆகியோருடன் அசிமுத் என்னும் மூவர் குழுவில் பாடியவர். அக்குழுவில் அவர் பல இடங்களில் சொற்களையே பாடுவதில்லை. எக்காளத்துக்கும் பியானோவுக்கும் நடுவில் மூன்றாவது கருவியாகத் தம் மெல்லிய, நெடிய குரலை நிறுத்துகின்றார். அது சாரா வாகனின் குரலன்று. ஆயினும் ஜாஸ் அன்று என்று எவரும் சொல்லார். அத்தட்டுகளைக் கேட்ட மாணவி ஊர் திரும்பவில்லை. ஆசிரியர் தொழிலில் இருப்போர், ஆயிரம் அறிவுரை சாதிக்காததைத் தக்க காலத்தில் கொடுக்கப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு சாதிப்பதைத் தம் பணிக்காலத்தில் ஒருமுறையேனும் கண்டிருப்பர்.

உண்மையில், அமெரிக்க மரபினுள்ளேயே ஜாஸ் குரல் என்று ஒன்று இருந்ததில்லை. பில்லி ஹாலிடேயின் குரல் ஏறி இறங்கும் எல்லை மிகக் குறுகியது. அக்குறுகிய எல்லைக்குள் சொல்லைச் சிறிது பிந்தி எடுத்தும், ஓர் ஓசையைச் சற்றே வளைத்தும் அவர் செய்த மாயமே அவர் இசை. கொரிய மரபை நோக்கினும் நா யூன் சன்னின் குரலுக்கு ஆயத்தமான இடம் இல்லை. பன்சோரி என்னும் கொரியக் கதைப்பாட்டில் ஒருவர் பாட, ஒருவர் முழவு கொட்டுவார். மணிக்கணக்கில் நீளும் அப்பாட்டில், பயிற்சியால் கரகரத்துத் தடித்த குரலே உயர்வாக மதிக்கப்படும். பளிங்குக் குரலுக்கு அங்கும் முதலிடம் இல்லை. ஆக, அமெரிக்க மரபும் தம் நாட்டுப் பழைய மரபும் தராத இடத்தை அவர் தாமே அமைத்துக் கொள்ள வேண்டியிருந்தது.

அமைப்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று. பாரிசில் வைப்ரபோன், பியானோ, பாஸ், முரசு ஆகியவற்றை வாசிக்கும் இளைஞர் நால்வருடன் ஐவர் குழு அமைத்துச் சிற்றரங்குகளில் பாடினார். முதல் இசைத்தொகுப்பு 2001இல் வெளிவந்தது. அடுத்தடுத்துச் சில தொகுப்புகள் வந்தன. 2005ஆம் ஆண்டில் தென்பிரான்சின் ஜுவான்-லே-பான் ஜாஸ் விழாவில் புதியோர்க்கான பரிசைப் பெற்றார். இவை யாவும் ஏணியின் படிகள், விரித்துரைக்க வேண்டுவதில்லை.

திருப்பம், சுவீடன் நாட்டுக் கித்தார் கலைஞர் உல்ப் வாக்கெனியசுடன் அவர் சேர்ந்தபோது ஏற்பட்டது. வாக்கெனியசு, ஜாஸ் பியானோவின் பேரரசர்களுள் ஒருவராகிய ஆஸ்கர் பீட்டர்சனின் குழுவில் அவர்தம் இறுதி ஆண்டுகளில் வாசித்தவர். 2009இல் வெளிவந்த 'பயணம்' என்னும் தொகுப்பிலும், 2010இல் வந்த 'அதே பெண்' என்னும் தொகுப்பிலும் இவர்கள் செய்த புதுமை, சேர்த்தலில் இல்லை, நீக்கலில் உள்ளது. முரசைக் குறைத்தனர், பல பாடல்களில் பியானோவை நீக்கினர். முதன்மையாக எஞ்சியவை ஒரு கித்தாரும் ஒரு குரலும். சிற்சில இடங்களில் பாஸ் முதலியன. கருவிகள் மிகுந்த மேடையில் மெல்லிய குரல் போராட வேண்டும். கருவிகள் விலகிய மேடையிலோ அக்குரலின் மூச்சும் கேட்கும். தம் குரலுக்கு ஏற்றவாறு தம்மை மாற்றிக் கொள்ளாமல், குரலுக்கு ஏற்றவாறு மேடையை மாற்றிக் கொண்டார் எனலாம்.

ஜாஸ் இசையில் பொருளற்ற அசைகளைக் கொண்டு விரைந்து பாடும் முறை ஒன்று உண்டு. நம் பாடகர் கற்பனைச் சுரம் பாடுதலோடு அதனை ஓரளவு ஒப்பிடலாம். ஆயினும் சுரங்களின் பெயரைச் சொல்லும் கட்டாயம் அங்கில்லை. வாக்கெனியசு ஆக்கிய 'பாக்தாதில் காலை உணவு', 'மொமெந்தோ மாஜிகோ' ஆகிய இரண்டிலும் கித்தாரின் நரம்புகள் ஓடும் வேகத்தில், ஒரு நொடியும் பிசகாமல், அதே சுரங்களைக் குரல் தொட்டுச் செல்கின்றது. கித்தார் கலைஞரின் பத்து விரல்கள் பகிர்ந்து செய்வதை ஒரு தொண்டை தனித்துச் செய்கின்றது. அவ்வோட்டம் முடிந்து பெருமூச்சு விடும் அவையினரிடம் அவர் பேசும் குரலோ, கூச்சம் நிறைந்த பள்ளி மாணவியின் குரல் போன்றது. அவரை மேடையில் கண்டோர் அனைவரும் வியக்கும் முரண் இது.

இங்கே, விரலளவே ஆன ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலிம்பா என்பது ஆப்பிரிக்க மரபிலிருந்து வந்த சிறு இசைக்கருவி. உள்ளங்கைகளுக்குள் அடங்கும் மரப்பெட்டி. அதன்மேல் மெல்லிய உலோகத் தகடுகள். இரு கட்டைவிரல்களால் அவற்றை மீட்டுவர். கட்டைவிரல் பியானோ என்பது அதன் மற்றொரு பெயர். 'அதே பெண்' தொகுப்பின் முதற்பாடலில், இக்கருவி ஒன்றை மட்டுமே துணையாகக் கொண்டு நா யூன் சன் பாடுகின்றார். பாடலோ உலகறிந்தது: 1959இல் நியூயார்க்கில் மேடையேறி, 1965இல் திரைப்படமாகிய 'சவுண்டு ஆப் மியூசிக்' நாடகத்தில், தமக்கு விருப்பமான பொருள்களையெல்லாம் அடுக்கிக் கூறும் பாடல். ஜான் கோல்ட்ரேன் 1960இல் சாக்சபோன் கொண்டு இதனை நீண்டதோர் ஆலாபனை போல விரித்து வாசித்தபின், ஜாஸ் உலகில் அதனைத் தொடுவதற்கே அஞ்ச வேண்டும் என்னும் நிலை உண்டாயிற்று. கோல்ட்ரேன் விரித்ததை இவர் சுருக்கினார். பொம்மைப் பெட்டியின் ஓசை போல் கட்டைவிரல் பியானோ கிணுகிணுக்க, குழந்தையை உறங்க வைக்கும் தாயின் அடக்கத்தோடு பாடல் செல்கின்றது. அச்சத்தை மறக்க விருப்பமானவற்றை எண்ணிக் கொள்வதே அப்பாடலின் பொருள். கோல்ட்ரேனின் வாசிப்பில் மறைந்துபோன அந்த அச்சம், இவர் குரலில் மீண்டும் கேட்கின்றது.

அதே தொகுப்பில் மெட்டாலிகா என்னும் அமெரிக்க முரட்டு இசைக்குழுவினர் 1991இல் வெளியிட்ட பாடலையும் அவர் பாடியுள்ளார். இரவில் உறங்கும் குழந்தையைச் சூழும் பயங்கரத்தைப் பற்றிய பாடல் அது. ஒற்றைக் கித்தாரின் துணையோடு முணுமுணுப்பில் தொடங்கி, அலறலில் முடிக்கின்றார். 'மென்குரல்' என்று தம்மை எண்ணி அஞ்சியவர் எழுப்பும் அலறல் அது என்பதை நினைத்தால் வியப்பே. எனினும் ஒன்றை மறைக்காமல் கூறல் வேண்டும். முணுமுணுப்பு, ஏற்றம், அலறல், மீண்டும் அமைதி என்னும் இவ்வமைப்பு அவர்தம் மேடை நிகழ்ச்சிகளில் அடிக்கடி வருகின்றது. முதன்முறை கேட்போரை அது உலுக்கும். நான்காம் முறை கேட்போர், அலறல் எங்கே வரும் என்று எதிர்பார்க்கத் தொடங்கி விடுவர். 2013இல் வந்த 'லென்தோ' தொகுப்பே இவ்வகையில் நிறைவானது. லென்தோ என்பது 'மெதுவாக' என்று பொருள்படும் இசைக்குறிப்பு. அதன் தலைப்புப் பாடல், உருசிய இசைமேதை இசுக்ரியாபின் பியானோவுக்கென்று எழுதிய சிறு முன்னிசை ஒன்றிலிருந்து எழுந்தது. இரு கைகளுக்கென எழுதப்பட்ட அச்சிற்றிசையில் மறைந்திருந்த ஒரு பாட்டை அவர் கண்டெடுத்துப் பாடுகின்றார். அங்கு அலறலுக்கு வேலையே இல்லை.

இனி, அரிராங். கொரியர் எங்கிருப்பினும் அறிந்த நாட்டுப்பாடல் இது. ஒரு பாடல் என்பதைவிட ஒரு குடும்பம் என்பதே பொருந்தும். ஏறத்தாழ அறுபது வகைகளும் அவற்றுள் 3,600 வேறுபாடுகளும் உண்டெனக் கணக்கிட்டுள்ளனர். மலைக்கணவாய் ஒன்றைக் கடந்து செல்லும் பிரிவே அதன் அடிப்படை. 1926ஆம் ஆண்டில், சப்பானியர் ஆட்சியின் கீழ் கொரியா இருந்தபோது, நா உன் கியு என்பவர் இப்பெயரிலேயே ஒரு திரைப்படம் எடுத்தார். பாடல் நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. 2012இல் தென்கொரியா சார்பிலும், 2014இல் வடகொரியா சார்பிலும் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மாந்தரினத்தின் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நிலம் இரண்டாகப் பிளந்தும் பாடல் பிளக்கவில்லை.

நா யூன் சன் 2010ஆம் ஆண்டுத் தொகுப்பில் காங்வான் மாநிலத்து அரிராங்கையும், 2013ஆம் ஆண்டுத் தொகுப்பில் பலரும் அறிந்த அரிராங்கையும் பாடினார். பாரிசு சென்று பதினைந்து ஆண்டுகள் கழித்தே அவர் இசைத்தட்டில் காங்வான் அரிராங் இடம்பெற்றது என்பது நோக்கத்தக்கது. அயல்நாட்டு மேடையில் கொரியப் பெண் கொரியப் பாட்டைப் பாடுவது எளிய வெற்றி. கேட்போர் தொலைகிழக்கின் வாசனையை நுகர்ந்து மகிழ்வர். அவ்வெளிய வெற்றியைத் தேடி அவர் முதலிலேயே செல்லவில்லை. பாடியபோதும் மரபுக்கலைஞர் போல் வேடம் புனையவில்லை. சுவீடன் கித்தாரின் மீது, தம் குரலில், தாம் பாடும் பிற பாடல்களைப் போலவே பாடினார். இதனைக் கொரிய இசை என்பதா, ஜாஸ் என்பதா என்று ஆய்வோர் வாதிடலாம். 2014 பெப்ரவரித் திங்களில், சோச்சி நகரின் குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில், அடுத்த விழாவை ஏற்கும் பியோங்சாங் நகரின் சார்பில் அரிராங் பாட அழைக்கப்பட்ட மூவருள் அவர் ஒருவர். பியோங்சாங் அமைந்திருப்பது காங்வான் மாநிலத்திலேயே. மறு ஆண்டில், சியோலிலுள்ள தேசிய நாடக அரங்கின் மரபிசை விழா ஒன்றுக்கு அவர் கலை இயக்குநராகவும் பணியாற்றினார். பிரெஞ்சு அரசு 2009இலும் 2019இலும் கலை இலக்கிய விருதுகள் அளித்து அவரைச் சிறப்பித்தது.

அதன்பின் நியூயார்க் கலைஞர்களுடன் 2017இல் ஒரு தொகுப்பும், 2019இல் ஒன்றும் வெளியிட்டார். பெருந்தொற்றுக் காலத்தில் மேடைகள் மூடப்பட்டபோது, தாமே எழுதி இசையமைத்த பாடல்களைக் கொண்டு 2022இல் ஒரு தொகுப்புத் தந்தார். இவற்றினும் இங்கு நின்று நோக்க வேண்டியது, 2024இல் வெளிவந்த 'அவர்கள்' என்னும் தொகுப்பு. பிரெஞ்சு மொழியில் அச்சொல் பெண்களை மட்டுமே குறிக்கும். தம்மை உருவாக்கிய பாடகியரின் பாடல்களை ஒன்று திரட்டி, அமெரிக்கக் கலைஞர் ஜான் கவர்டின் பியானோவை முதன்மைத் துணையாகக் கொண்டு அவர் பாடிய தொகுப்பு அது. தொடக்கக் காலக் குழுவில் இருந்து, இடையில் பின்னுக்குச் சென்றிருந்த பியானோ மீண்டும் நடுவிடத்துக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. ஜாஸ் உலகின் பெரும் பாடகியர் பலர் பியானோவிலிருந்து வந்தவர்கள். நா யூன் சன்னை முதலில் மருட்டிய சாரா வாகனே 1943இல் எர்ல் ஹைன்சின் குழுவில் பாடகியாக மட்டுமன்றி, இரண்டாம் பியானோ வாசிப்பவராகவும் சேர்ந்தவர். இத்தொகுப்பில் இடம்பெற்ற பாடல்களுக்கு உரியவராகிய நீனா சிமோன், செவ்வியல் பியானோக் கலைஞராகும் கனவோடு வளர்ந்தவர். 1951இல் பிலடெல்பியாவின் கர்ட்டிசு இசைக்கழகம் அவரை ஏற்க மறுத்தது. தம் நிறமே காரணம் என்று அவர் இறுதிவரை நம்பினார். 1954இல் அட்லாண்டிக் நகரத்து மதுக்கூடம் ஒன்றில் வயிற்றுப்பாட்டுக்காகப் பியானோ வாசிக்கச் சென்றார். பாடவும் வேண்டும், இன்றேல் வேலை இல்லை என்றார் உரிமையாளர். அவ்வாறு பிறந்தது அக்குரல். மறுத்த கழகம் 2003இல், அவர் இறப்பதற்கு இரு நாள் முன்னர், மதிப்புறு பட்டம் வழங்கியது. தொகுப்பிலுள்ள மற்றொரு பாடலைப் புகழ்பெறச் செய்த ராபர்ட்டா பிளாக், பியானோத் திறத்தால் தம் பதினைந்தாம் வயதிலேயே ஹாவர்டு பல்கலைக்கழகத்தில் நுழைந்தவர். பின்னர் வாஷிங்டன் பள்ளிகளில் பகலில் ஆசிரியராகவும், இரவில் உணவகப் பாடகியாகவும் வாழ்ந்தவர். 2025இல் மறைந்தார்.

இவர்கள் தாம் வாசிக்கும் பியானோவின்மீது தாமே பாடினர். இடக்கை எங்கே செல்லும் என்பது தொண்டைக்கு முன்னரே தெரியும். நா யூன் சன்னுக்கு அவ்வசதி இல்லை. அவர் விரல்கள் மீட்டுவது கட்டைவிரல் பியானோ. எனவே பிறர் வாசிப்பதைக் கேட்டே அவர் பாட வேண்டும். 'அவர்கள்' தொகுப்பில் கேட்கத்தக்கது இக்கேட்டலே. கவர்டு ஒரு கூட்டொலியை அழுத்தி, விரலை எடுக்காமல், அது தேய்ந்து மறையும்வரை விட்டு வைக்கின்றார். குரல் உடனே எழுவதில்லை. ஒலி மங்கி, அடியிலுள்ள ஒரு சுரம் மட்டும் எஞ்சும்போது, அச்சுரத்திலேயே, எது நரம்பு எது குரல் என்று பிரித்தறிய இயலாதபடி, பாட்டு தொடங்குகின்றது.